பிக்கப் வண்டிக்குப் பின்னால் எத்தனை அடிப் பெட்டி போடலாம்?

தம்பி, நீங்கள் கேட்டது இது. டபுள் கேபின் பிக்கப் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வீடு சேரன்மகாதேவி, குத்தகைக்கு எடுத்த வாழைத் தோட்டம் களக்காட்டுப் பக்கம். பவர் டில்லரைக் கொண்டுபோக, வாழைத்தார் ஏற்ற, பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வைக்கோல் கொண்டுவர ஒரு டிரெய்லர், எங்கள் பேச்சில் பெட்டி, வேண்டும். “10 அடிப் பெட்டி போதுமா, 12 அடியே போட்டுருவமா அண்ணாச்சி?”

இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி கட்டுகிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அடிக்கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். என்ன பாரம் ஏற்றப் போகிறீர்கள், அந்தப் பாரம் இழுக்கிற வண்டியின் மேல் எப்படி உட்காரும், ஓடுகிறதை எப்படி நிறுத்துவீர்கள், இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் நீளம் தானாக வந்துவிடும். உங்களுக்கு என் பதில்: 8 அடிக்கு 5 அடி, ஒற்றை அச்சு, பெட்டிக்கே தனி பிரேக், பெட்டியும் பாரமும் சேர்ந்து 1,200 கிலோவுக்குள். 12 அடி வேண்டவே வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

8 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரப் பக்கப்பலகை என்றால் 60 கன அடி. இந்த ஒரே பெட்டியில் வைக்கோலை நிரப்பினால் 200 கிலோகூட வராது. நெல்லைக் குவித்தால் ஒரு டன் பக்கம். மணலைக் கொட்டினால் என்ன ஆகும்? ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அது நாலரை டன் பக்கம் வரும். அப்படியானால் 60 கன அடி மணல் 2,700 கிலோ. ஈர மணலென்றால் இன்னும் கூடும். செங்கல் ஒன்று மூன்று கிலோ என்று வைத்தால் 400 கல் 1,200 கிலோ, ஆனால் பார்வைக்குப் பெட்டியில் பாதிகூட நிரம்பியிருக்காது. காலியிடம் கிடந்தால் ஏற்றுகிற ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். “இன்னும் ஒரு நூறு கல் போடலாம்லா” என்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். 12 அடிப் பெட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். பெட்டி பெரிதானால் பாரம் தானாகப் பெரிதாகும். இழுக்கிற வண்டி அதே வண்டிதான்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். பவர் டில்லர் 400-லிருந்து 500 கிலோ. ஏத்தன் (நேந்திரன்) தார் ஒன்று 12, 13 கிலோ என்றால் 50 தாருக்கு 650 கிலோ. நான் சொல்லும் 8 அடிப் பெட்டி காலியாகவே 350 கிலோ வரும். ஆக, டில்லர் ஏற்றிய அன்று 850 கிலோ, தார் ஏற்றிய அன்று 1,000 கிலோ. கயிறு, மண்வெட்டி, உர மூடை என்று எப்போதும் சில சாமான்கள் கிடக்கும் என்பதால் 1,200 வரை தாங்குகிற மாதிரி அச்சும் டயரும் போட்டால் போதும்.

அடுத்து, இழுக்கிற வண்டி எவ்வளவு தாங்கும். வீடியோக்களில் அமெரிக்க பிக்கப் வண்டிகள் வீடு மாதிரி பெட்டியை இழுத்துப் போவதைப் பார்த்துவிட்டுப் பலர் வருகிறார்கள். ஃபோர்டு எஃப்-150 சரியான எஞ்சினும் இழுவைக்கான அமைப்பும் சேர்ந்தால் 6 டன் வரை இழுக்கும், அது உண்மைதான். ஆனால் அதே எஃப்-150 வேறு எஞ்சின், வேறு ஆக்சில் பல்சக்கர விகிதத்தோடு வந்தால் அதற்கு அதில் பாதிகூட அனுமதி இருக்காது. இசுசு டி-மேக்ஸும் டொயோட்டா ஹைலக்ஸும் ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ இழுக்கலாம் என்று எழுதித்தான் விற்கிறார்கள். அது பெட்டிக்குத் தனி பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத பெட்டியென்றால் அதே வண்டிகளுக்கு 750 கிலோதான். 3,500-ஐ எல்லாரும் சொல்கிறார்கள், 750-ஐ யாரும் சொல்வதில்லை. உங்கள் டில்லரும் பெட்டியும் சேர்ந்தாலே 850 என்று இப்போதுதான் பார்த்தோம்.

ஒரே பெயரில் விற்றாலும் ஊருக்கு ஊர் ஸ்பிரிங், பிரேக், எஞ்சின் மாறும். அதனால் வெளிநாட்டுக் கணக்கை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இழுவை எடை என்று ஓர் எண் போட்டிருந்தால் அதுதான் எல்லை. எண் இல்லை, அல்லது இழுக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது என்றால், கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் பெட்டியை இழுக்கிற கொக்கியை மாட்ட வராதீர்கள். நானும் மாட்டமாட்டேன்.

இன்னொரு கணக்கு பலருக்குத் தெரியாது. பெட்டியின் பாரம் முழுக்க அதன் சக்கரத்தில் மட்டும் நிற்பதில்லை. கொக்கி வழியாக ஒரு பங்கு வண்டியின் மேல் இறங்கும். அதை வண்டி தாங்கும் எடையில் கழிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 2,900, காலி எடை 1,950 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இடைப்பட்டது 950. உள்ளே நாலு பேர், 280 கிலோ. கொக்கியில் 120 கிலோ. மிச்சம் 550தான் பின்தொட்டியில் ஏற்றலாம். “பெட்டியும் இழுக்கும், தொட்டியிலும் ஒரு டன் போடலாம்” என்று நினைத்தால் பின் ஸ்பிரிங் பட்டை உடையும். அதைவிட மோசமானது, முன்சக்கரம் லேசாகும். பின் அச்சுக்கும் கொக்கிக்கும் நடுவே நாலடி இடைவெளி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே பத்தடி என்றால், கொக்கியில் வைத்த 100 கிலோ பின் அச்சில் 140 கிலோவாக அழுத்தும், முன் அச்சிலிருந்து 40 கிலோவைத் தூக்கும். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குக் கையில் காற்று மாதிரி இருக்கும். மழை நாளில் அது நல்லதில்லை.

அந்தக் கொக்கிப் பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்கு எனக்கு முதலில் பாடம் சொன்னது எங்கள் தாத்தாவின் வண்டிமாடு. மாட்டுவண்டியில் மூடை அடுக்கும்போது வண்டிக்காரர் முன்பாரமா பின்பாரமா என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார். முன்பாரம் கூடிப்போனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், மாடு முட்டி போட்டுவிடும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம், அதுதான் கணக்கு. நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். பிக்கப்புக்கும் அதே கணக்குதான், எண் மட்டும் சேர்ந்திருக்கிறது: பெட்டியும் பாரமும் சேர்ந்த எடையில் 10-லிருந்து 15 பங்கு, நூற்றுக்கு. 1,000 கிலோவுக்கு 100 முதல் 150. கையேட்டில் கொக்கிக்கு என்று தனியாக ஓர் எல்லை போட்டிருந்தால் அதைத் தாண்டக்கூடாது.

இதைத் தூக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷின் இருக்கும். சமதரையில் பெட்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியில் கொக்கி நிற்கும் உயரத்துக்கே ஒரு கட்டையை மெஷின் மேல் நிறுத்தி, டிராபாரின் (பெட்டிக்கு முன்னால் நீண்டு கொக்கியில் மாட்டுகிற தண்டின்) முனையை அதன் மேல் இறக்குங்கள். காட்டுகிற எண்தான் முன்பாரம். மொத்த எடைக்கு எடை மேடைதான் வழி, அரிசி ஆலை இருக்கிற ஊரில் எல்லாம் ஒன்று இருக்கும். பெட்டியைக் கழற்றித் தனியாக மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். முதல் முறை ஏற்றும்போது ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் எத்தனை தார் எந்த இடத்தில் என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

கட்டுகிறவன் அச்சை எங்கே வைக்கிறான் என்பதிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. 8 அடிப் பெட்டிக்கு நட்டநடுவில், 4 அடியில், அச்சு வைத்தால் பாரம் சமமாகப் பரவும்போது கொக்கியில் ஒன்றுமே இறங்காது. டிராபார் 4 அடி என்றால், நடுவிலிருந்து 10 அங்குலம் பின்னால் அச்சைத் தள்ளினால் சமமாகப் பரவிய பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொக்கிக்கு வரும். டிராபாரின் சொந்த எடையும் சேர்ந்து சரியாகிவிடும். அந்த 10 அங்குலத்துக்காக நான் வாடிக்கையாளர்களோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், எனக்கென்று 10 அடிப் பெட்டி ஒன்று கட்டினேன். அழகுக்காக அச்சை நடுவில் வைத்தேன். ஆனி மாசம், நாகர்கோவில் பக்கம் மாட்டுக்காரர் ஒருவருக்கு வைக்கோல் கட்டு. கட்டுகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, போகிற வழியில் இறக்க வேண்டிய நாலு நெல் மூடையைக் கடைசியில் பின்கதவு ஓரமாகப் போட்டேன். நாங்குநேரி, வள்ளியூர் வரை ஒன்றும் தெரியவில்லை. பணகுடி தாண்டியதும் மேற்கிலிருந்து அந்தக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைத் தெரியாதவர்கள் இங்கே கிடையாது, காற்றாலைகளை அங்கே நட்டதே அதற்காகத்தான். சாலை வடக்கு தெற்காகப் போகிறது, காற்று பக்கவாட்டில் அறைகிறது. 70-ல் போய்க்கொண்டிருந்தேன். முதலில் பெட்டி இடது பக்கம் ஒரு கை அளவு நகர்ந்தது. திரும்பி வந்தது. அடுத்த தடவை இரண்டு கை. மூன்றாவது ஆட்டத்தில் பின்கண்ணாடி முழுக்க வைக்கோல்தான் தெரிந்தது, வண்டியின் வால் பெட்டியோடு போகிறது. பயத்தில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேன், பிரேக்கையும் மிதித்தேன். இரண்டுமே செய்யக்கூடாதவை. வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது, பெட்டி கவிழ்ந்து கட்டெல்லாம் சாலையில். பின்னால் யாரும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

பின்பாரம், உயரம், வேகம், பக்கக் காற்று, நாலும் சேர்ந்தால் பெட்டி பாம்பு மாதிரி ஆடும். ஆட ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், வேகம் தானாக இறங்கட்டும். நின்றதும் பாரத்தை முன்னால் மாற்றி அடுக்காமல் கிளம்பாதீர்கள். வைக்கோல் எடை குறைவு என்று அலட்சியம் வேண்டாம். காற்றுக்கு அதுதான் பாய்மரம். ஆனி, ஆடி, ஆவணியில் அந்தச் சாலையில் வைக்கோல் ஏற்றினால் பக்கப்பலகைக்கு மேல் ஒரு வரிசைக்கு மேல் அடுக்காமல், 50-ஐத் தாண்டாமல் போங்கள். காலையில் காற்று ஏறுவதற்கு முன்பே போய்விடுவது இன்னும் நல்லது. களக்காடு, சேரன்மகாதேவிக்குள் மட்டும் என்றால் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்காகும். 40-ல் நிற்கிற தூரத்தில் 80-ல் நிற்காது. பெட்டிக்குப் பிரேக் இல்லையென்றால் அந்த முழு வேலையும் பிக்கப்பின் நாலு சக்கரத்தில் விழும். போதாததற்கு, பின்னாலிருந்து ஒரு டன் தள்ளிக்கொண்டே இருக்கும். வளைவில் பிரேக் போட்டால் பெட்டி நேராகப் போகப் பார்க்கும், வண்டி மடங்கும். ஒரு டன் பக்கம் உள்ள பெட்டிக்குத் தள்ளுவிசைப் பிரேக் சுலபமானது. பிக்கப் வேகம் குறைந்ததும் பெட்டி முன்னால் தள்ளுகிறது அல்லவா, அந்தத் தள்ளலே டிராபாரில் இருக்கிற தண்டை உள்ளே அழுத்தி, கேபிள் வழியாகப் பெட்டியின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். வயர், கண்ட்ரோலர் எதுவும் வேண்டாம். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அது பிடித்துக்கொள்ளும், அதைத் தடுக்க ஒரு லாக் இருக்க வேண்டும், வாங்கும்போதே கேளுங்கள். இரண்டு டன்னுக்கு மேல் என்றால் இது போதாது, ஆஸ்திரேலியச் சட்டமே அந்த எடைக்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் கேட்கிறது.

தோட்டத்துக்குப் போகிற சமதரைச் சாலையில் பிரேக்கின் அருமை தெரியாது. புளியரை எஸ் வளைவிலோ, பாபநாசத்திலிருந்து காரையாருக்கு ஏறுகிற சாலையிலோ திரும்பி இறங்கும்போதுதான் தெரியும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர். கால் பிரேக்கிலேயே வைத்திருந்தால் சூடேறி வாசம் வரும், கொஞ்ச நேரத்தில் மிதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

“ட்ராக்டர் பெட்டி ஒண்ணு சும்மா கெடக்கு, அதையே மாட்டிக்கிடலாமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. நாலு சக்கர ட்ராக்டர் பெட்டி காலியாகவே ஒரு டன்னைத் தாண்டும். வயல் வேகத்துக்குக் கட்டியது, பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. அதன் கொக்கி இரும்பு ஊசி (பின்) செருகி மாட்டுவது, இடைவெளி விட்டு ஆடும். ட்ராக்டரின் எடையும் பெரிய சக்கரமும் கீழ்க்கியரும் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். பிக்கப்பின் சேசிஸ் ஒவ்வோர் ஆட்டத்தையும் சம்மட்டி அடியாக வாங்கும். பிக்கப்புக்கு 50 மில்லிமீட்டர் உருண்டைக் கொக்கி, அதன் மேல் கவிழ டிராபார் முனையில் அதே அளவு மூடி. உருண்டை ஓர் அளவு, மூடி வேறு அளவு என்றால் மேட்டில் ஏறும்போது கழன்றுவிடும். கொக்கியைச் சேசிஸில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும், பம்பரில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தால் நான் பெட்டியைத் தரமாட்டேன். கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலி, குறுக்காக மாட்டினால் கொக்கி கழன்றாலும் டிராபார் தரையில் குத்தாமல் சங்கிலியிலேயே உட்காரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லர் என்பது தனி வாகனம். பதிவும் எண்ணும் தனியாக வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 52-ஆம் பிரிவு தடை சொல்கிறது. அதனால் கொக்கி மாட்டுவதற்கு முன், பெட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் வண்டிக்கு எந்த மாதிரி டிரெய்லரைப் பதிவு செய்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் பெட்டியைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தாரை வாடகைக்கு ஏற்றினால் சொந்த வண்டி என்ற கணக்கு மாறிவிடும், மஞ்சள் போர்டு வேண்டும். ஆட்களைப் பெட்டியில் ஏற்றாதீர்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று சின்னவர்கள் கேட்பார்கள். டிரெய்லரில் உட்கார்ந்து வந்தவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

12 அடி தேவைப்படுகிற நாள் வருஷத்தில் எத்தனை வரும்? அறுப்பு முடிந்து வைக்கோல் எடுக்கிற நாலைந்து நாள். அன்றைக்கு ஒரு ட்ராக்டரையோ மினி லாரியையோ வாடகைக்குப் பிடியுங்கள். அந்த நாலைந்து நாளுக்காக மீதி நாளெல்லாம் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு டீசலையும் கிளட்சையும் தேய்க்க வேண்டாம். இரட்டை அச்சுப் பெட்டியைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது நெடுஞ்சாலையில் ஆடாமல் ஓடும், ஒரு டயர் வெடித்தாலும் நிற்கும். ஆனால் தோட்டத்துக்குள் ஒடித்துத் திருப்பும்போது டயர் மண்ணைக் கீறிக்கொண்டே வரும், சீக்கிரம் தேயும். 1,200 கிலோவுக்கு அது தேவையில்லை.

பெட்டி கைக்கு வந்த முதல் நாள் காலியாக ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோய் ரிவர்ஸ் மட்டும் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். சின்னப் பெட்டி சட்டென்று மடங்கும், அதனால் பைய, பைய எடுங்கள். கன்னடியன் கால்வாய்க் கரை மாதிரி ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல் என்று இருக்கிற பாதையில் எதிரே அறுப்பு மெஷின் வந்துவிட்டால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டியிருக்கும்.

வரும்போது ஆர்.சி. புத்தகம், வண்டிக் கையேடு இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். டில்லரின் எடைத் தகட்டில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து சேசிஸின் பின்முனை வரை உயரம் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். காலி வண்டிக்கு ஒரு அளவு, வழக்கமாக ஏற்றுகிற சாமானோடு ஒரு அளவு. டிராபாரை எந்த உயரத்தில் வெட்டுவது என்று அந்த இரண்டு எண்ணையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.